மரம் குடித்த நீரின் மூலம்: ஓர் ஓரிடத்தான் பகுப்பாய்வுச் சேவையைப் பயன்படுத்திய அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு சோலையின் ஓரத்தில், ஓடைக்கு நாலு எட்டு தள்ளி நிற்கும் நாவல் மரம் பங்குனி வெயிலில் எந்தத் தண்ணீரைக் குடித்துத் தளிர்க்கிறது என்ற கேள்விக்கு விடை தேடி, சென்ற ஓராண்டாக ஒரு பகுப்பாய்வுக்கூடத்தின் கட்டணச் சேவையைப் பயன்படுத்தி வருகிறேன். கிளைத்துண்டு, மண், மழைநீர், ஓடைநீர் ஆகியவற்றை அனுப்பினால், அவற்றில் உள்ள நீரின் நிலையான ஓரிடத்தான் விகிதங்களை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட, சிதையாத அணுவகைகளின் விகிதங்களை அளந்து தருகிறார்கள். கூடத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. நான் எழுதப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கூடத்துக்கு மட்டும் உரியவை அல்ல. இச்சேவையை வழங்கும் எவரிடமும் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டியவை.

நீலகிரியில் இது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வி அன்று. கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) 19ஆம் நூற்றாண்டில் வந்து மலையெங்கும் பரவியபின், ஊற்று வற்றியதற்கு அவற்றைக் காரணம் காட்டாத ஊர் இங்கே இல்லை. கிளென்மார்கனில் அருகருகே உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் கற்பூர மரம் நட்டு, உதகையின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் நீர்வரத்தை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். மரம் நட்ட முதல் பத்தாண்டுச் சுழற்சியில் வரத்து சராசரியாக 16 சதவீதம் குறைந்ததை 1988இல் வெளியிட்டார்கள். எவ்வளவு தண்ணீர் போயிற்று என்பதற்கு அது உறுதியான விடை. ஆனால் அந்தத் தண்ணீரை மரம் மேல்மண்ணிலிருந்து எடுத்ததா, ஆழத்திலிருந்து எடுத்ததா, ஓடைக்குச் சேர வேண்டியதைப் பறித்ததா என்பதை நீர்வரத்துக் கணக்கு மட்டும் சொல்லாது. வேரைத் தோண்டிப் பார்த்தாலும் முழு விடை கிடைக்காது. வேர் இருக்கும் இடமெல்லாம் வேர் குடிக்கும் இடமாக இருக்க வேண்டியதில்லை.

ஓரிடத்தான்களின் பயன் இங்கேதான் தொடங்குகிறது. கடல்நீரை ஒத்த சர்வதேச நியம நீரில், பத்து லட்சம் ஆக்சிஜன்-16 அணுக்களுக்கு ஏறத்தாழ 2005 ஆக்சிஜன்-18 அணுக்களும், பத்து லட்சம் சாதாரண ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஏறத்தாழ 156 டியூட்டீரிய (கன ஹைட்ரஜன்) அணுக்களும் உள்ளன. ஆவியாகும்போது இலேசான மூலக்கூறு முந்திக்கொள்கிறது. மழையாகும்போது கனமானது முதலில் இறங்கிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு மழைக்கும், வெயில் பட்ட மேல்மண்ணின் ஈரத்துக்கும், ஆழத்து நீருக்கும் தனித்தனியான விகிதம் அமைகிறது. உலக மழைநீரில் இவ்விரண்டு விகிதங்களும் ஒரே நேர்கோட்டில் அமைவதை 1961இல் ஹார்மன் கிரெய்க் காட்டினார். நியம நீரின் விகிதத்திலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகுகிறது என்பதையே மதிப்பு என்கிறார்கள்; டியூட்டீரிய மதிப்பு, ஆக்சிஜன்-18 மதிப்பைப் போல் எட்டு மடங்குடன் பத்தைக் கூட்டியதற்குச் சமம் என்பது அந்தக் கோடு. ஆவியாகிக் குறைந்த மண்ணீர் கோட்டைவிட்டு விலகிக் கீழே சரியும். வேர் நீரை உறிஞ்சும்போது பெரும்பாலான மரங்களில் இந்த விகிதம் மாறுவதில்லை. உவர்நிலத் தாவரங்கள் சிலவற்றில் டியூட்டீரியம் மட்டும் மாறுவதை 1993இல் கண்டார்கள். எனவே தண்டுக்குள் ஏறும் நீரை எடுத்து அளந்தால், அது வந்த இடத்தின் விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

1991இல் டாட் டாசனும் ஜேம்ஸ் எலரிங்கரும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு மலைப்பள்ளத்தாக்கில் செய்தது இதையே. ஓடைக்கரையில் வேரூன்றி நின்ற முதிர்ந்த மரங்கள் ஓடைநீரை அநேகமாகத் தொடவே இல்லை, ஆழத்து நீரையே குடித்தன என்று அவர்கள் கண்டார்கள். கரையில் நிற்பதைப் பார்த்து ‘ஓடைத் தண்ணீரில் வளர்கிறது’ என்று நாம் சொல்லிவிடுவது எவ்வளவு அவசரமான முடிவு என்பதை அந்தச் சிறு கட்டுரை எனக்கு உணர்த்தியது. இந்தச் சேவையை நாடியதற்கும் அதுவே காரணம்.

இனி சேவைக்கு வருகிறேன். பதிவு செய்தவுடன் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. திருகுமூடியுள்ள கண்ணாடிக் குப்பிகள், மூடியைச் சுற்றி ஒட்டும் பாராஃபிலிம் சுருள், எண்ணிட்ட ஒட்டுச்சீட்டுகள், மழைநீர் சேகரிக்க ஒரு கலன் ஆகியவை அதில் இருந்தன. மழைக்கலனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். புனலிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய் கலனின் அடிவரை சென்று நீருக்குள் மூழ்கிவிடுகிறது. காற்று வெளியேற இன்னொரு நீண்ட மெல்லிய குழாய் சுருண்டு கிடக்கிறது. இதனால் மாதம் முழுதும் வெளியில் கிடந்தாலும் சேர்ந்த நீர் ஆவியாவது மிக மிகக் குறைவு. முன்பெல்லாம் நீரின்மேல் பாராஃபின் எண்ணெய் ஊற்றி ஆவியாவதைத் தடுப்பார்கள்; அந்த எண்ணெய் லேசர் கருவிக்கு ஆகாது. இந்தக் கலனை யோசித்துச் சேர்த்தவருக்கு என் மனமார்ந்த நன்றி. மாதிரி எடுக்கும் இடத்திலேயே கோட்டை விட்டால், பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் அதைச் சரிசெய்ய இயலாது.

கிளைத்துண்டு எடுப்பதற்கான குறிப்புத்தாளும் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. இலையை ஒட்டிய பச்சைக் கொம்பு கூடாது. இலையில் ஆவியாதலால் கனத்துப்போன நீர் அங்கே கலந்திருக்கும். பழுப்பு ஏறிய, சுண்டுவிரல் பருமனுள்ள கிளையை நண்பகலை ஒட்டி, மரம் நன்றாக நீரிறைத்துக்கொண்டிருக்கும் வேளையில் வெட்ட வேண்டும். வெட்டியவுடன் பட்டையை உரித்துவிட வேண்டும். நாவலின் பட்டை உரியும்போது உட்புறத்தில் வழவழப்பாக ஒரு பச்சைப் படலம் ஒட்டிக்கொண்டே வரும். அதையும் கத்திமுனையால் சுரண்டியெடுத்து, வெளுத்த கட்டை மட்டும் தெரியும்போது துண்டாக்கிக் குப்பிக்குள் போட வேண்டும். கற்பூர மரத்தில் பட்டை கயிறு போல் எளிதாக உரிந்து வந்தது, ஆனால் விரலில் ஒட்டிய வாசனை மறுநாள்வரை போகவில்லை. இந்த வேலை முழுவதையும் ஒரு நிமிடத்துக்குள் முடிக்கப் பழகிக்கொள்ள எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. குப்பியை மூடியபின் எடைபோட்டு, எடையைக் குப்பியின்மேலேயே எழுதி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தேன். எடை எழுதச் சொல்லிக் குறிப்புத்தாளில் இல்லை; நானாகச் செய்தேன். அதுவே பின்னால் என்னைக் காப்பாற்றியது.

கூரியரில் போன முதல் தொகுதியில் நான்கு குப்பிகளின் மூடி தளர்ந்திருந்தது. கூடத்தில் எடைபோட்டுப் பார்க்கச் சொன்னேன். என் எடைக்கும் அவர்கள் எடைக்கும் இடையே அந்த நான்கில் மட்டும் வேறுபாடு தெரிந்தது. அவற்றை ஒதுக்கிவிட்டோம். எடைபோடாமல் அனுப்பியிருந்தால், வழியில் ஆவியாகிக் கனத்த நீரை, வெயில்பட்ட மேல்மண்ணின் நீரைக் குடித்த மரம் என்று நான் படித்திருப்பேன். இரண்டும் வரைபடத்தில் ஒரே திசையில் விலகும். கூடம் இந்த எடைச் சோதனையைத் தன் வழக்கமாக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன், இன்னும் செய்யவில்லை.

ஒருமுறை நேரில் சென்று அவர்கள் கட்டையிலிருந்து நீரைப் பிரிக்கும் வேலையைப் பார்த்தேன். கண்ணாடிக் குழாயில் துண்டுகளைப் போட்டு, கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தில் வைத்து, காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்குகிறார்கள். கட்டையிலிருந்து கிளம்பும் நீராவி, திரவ நைட்ரஜனில் முங்கியிருக்கும் இன்னொரு குழாயில் போய் உறைகிறது. முதலில் கண்ணாடியின் உட்புறம் மெல்லிய மூடுபனி படிகிறது. பத்து நிமிடத்தில் அது வெண்ணிற வளையமாகத் தடிக்கிறது. ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனபின் அழுத்தமானி அசையாமல் நின்றதும் குழாயை மூடி உருகவிடுகிறார்கள். மரம் மலையில் குடித்த நீர், அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக, அந்தக் குழாயின் அடியில் திரண்டு நிற்பதைப் பார்த்தபோது உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. பிரித்து முடிந்த கட்டையை மீண்டும் அடுப்பில் 105 பாகையில் உலர்த்தி எடைபோட்டு, மிச்ச ஈரம் உண்டா என்று பார்ப்பதுதான் இதில் உயிர்நாடியான சோதனை. நீர் முழுதும் வராமல் பாதியில் நிறுத்தினால், இலேசான மூலக்கூறுகள் முந்தி வந்துவிட்டதால் விகிதம் தப்பாகிவிடும். இந்தக் கூடம் அச்சோதனையைச் செய்கிறது. ஆனால் அந்த எண்ணை அறிக்கையில் அச்சிடுவதில்லை, கேட்டால்தான் தருகிறார்கள். கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

அளப்பது லேசர் கருவி. இரண்டு மைக்ரோலிட்டர் அளவே உள்ள நீரை ஊசியால் செலுத்தி ஆவியாக்கி, ஒரு சாண் நீளமே உள்ள அறைக்குள் விடுகிறார்கள். அதன் கண்ணாடிகள் ஒளியை அநேகமாக முழுதுமாகப் பிரதிபலிப்பதால், லேசர் ஒளி அந்தச் சிற்றறைக்குள் பல கிலோமீட்டர் தூரம் ஓடி ஓடித் தேய்கிறது. தேயும் வேகத்திலிருந்து எந்த மூலக்கூறு எவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. முந்தைய மாதிரியின் சுவடு உள்ளே ஒட்டியிருக்கும் என்பதால் ஒவ்வொரு குப்பியிலிருந்தும் பலமுறை செலுத்தி முதல் சிலவற்றைத் தள்ளிவிட வேண்டும். என் மழைநீர், ஓடைநீர் மாதிரிகளில் இவர்கள் வேலை அப்பழுக்கற்றது. ஒரே ஓடைநீரை மூன்று குப்பிகளில் வெவ்வேறு எண்ணிட்டு, சொல்லாமல் அனுப்பிப் பார்த்தேன். மூன்றும் கருவியின் பிழை எல்லைக்குள் ஒன்றாகவே வந்தன. தென்மேற்குப் பருவமழையைவிட வடகிழக்குப் பருவமழை கன ஓரிடத்தான்கள் குறைந்தே வரும் என்பது தென்னிந்திய மழை ஆய்வுகள் பலவற்றில் பதிவான செய்தி. இரண்டு மழையும் பெறும் நீலகிரியின் கிழக்குச் சரிவில் அந்த வேறுபாடு என் மாதக் கலன்களிலும் தெளிவாகத் தெரிந்தது. ஐப்பசியின் மழையும் ஆடியின் மழையும் தனித்தனி முத்திரையோடு மண்ணுக்குள் இறங்குகின்றன என்பது இந்த முறைக்கு நம் மலை தரும் பெரிய வாய்ப்பு. நீர் மாதிரிக்கு மட்டும் என்றால் இந்தச் சேவையைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன்.

கிளைநீருக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. என் முதல் அறிக்கையில் கற்பூர மரத்தின் இரண்டு மாதிரிகள், எந்த மண்ணோடும் எந்த மழையோடும் ஒட்டாமல் எங்கோ தனித்து நின்றன. மரத்திலிருந்து பிரித்த நீரில் மெத்தனால், எத்தனால் போன்ற கரிமச் சேர்மங்கள் சிறிதளவு கலந்து வருவது உண்டு. அவை நீர் மூலக்கூறு ஒளியை உறிஞ்சும் அதே அலைநீளப் பகுதியில் தாமும் உறிஞ்சுவதால் லேசர் கருவி ஏமாறும். இது 2009, 2010ஆம் ஆண்டுகளிலேயே கட்டுரைகளாக வெளிவந்து, துறையில் எல்லோரும் அறிந்த சிக்கல். கருவியோடு வரும் மென்பொருளே ஐயத்துக்குரிய மாதிரிக்குக் கொடி காட்டும். என் மாதிரிகளுக்கும் கொடி காட்டியிருந்திருக்கிறது. அறிக்கையைத் தயாரிக்கும்போது அட்டவணையில் கொடி இருந்த பத்தியை நீக்கிவிட்டு, எண்களை மட்டும் இரண்டு தசம இடத் துல்லியத்தோடு எனக்கு அனுப்பிவிட்டார்கள். இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை. எண் தப்பாக வருவது இயல்பு. தப்பாக இருக்கலாம் என்று தெரிந்த எண்ணை எச்சரிக்கை இல்லாமல் தருவது சேவையில் வரக்கூடாத பிழை. நான் கேட்டபின் அந்த மாதிரிகளை நிறைமாலைமானியில் (மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) மறுபடி அளந்து தந்தார்கள், அதற்குக் கட்டணம் வாங்கவில்லை, பேசிய அலுவலரும் பொறுமையாக விளக்கினார். மறு அளவீட்டில் அவ்விரண்டும் மற்ற மரங்களோடு வந்து சேர்ந்தன. அடுத்த தொகுதி முதல் கொடிப்பத்தியும் அறிக்கையில் வருகிறது. ஆகவே இந்தக் குறை தீர்ந்தது என்றே பதிகிறேன். வேறு கூடத்துக்கு அனுப்புவோர் முதல் நாளே அந்தப் பத்தியைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது இதைவிட ஆழமானது. அதற்கு எந்தக் கூடத்தையும் குற்றம் சொல்ல முடியாது. வெற்றிடத்தில் சூடாக்கிப் பிரிக்கும் முறையிலேயே டியூட்டீரிய மதிப்பு பிசகுகிறது என்று 2020இல் சென் யோங்லெயும் உடன் பணியாற்றியவர்களும் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் காட்டினார்கள். விகிதம் தெரிந்த நீரைத் தாவரங்களுக்கு ஊட்டி, பின்னர் தண்டிலிருந்து அதைப் பிரித்தபோது, டியூட்டீரியம் சராசரியாக ஆயிரத்துக்கு 8.1 அளவு குறைந்து வந்தது. சூடாக்கும்போது கட்டையின் கரிமப் பொருளில் உள்ள ஹைட்ரஜனும் நீரின் ஹைட்ரஜனும் இடம் மாறிக்கொள்வதை அவர்கள் காரணமாகக் காட்டினார்கள். ஆக்சிஜன்-18இல் இப்படிப்பட்ட பெரிய பிசகு இல்லை. 2010இல் ஓரிகன் மாநிலத்து ஆண்ட்ரூஸ் ஆய்வுக்காட்டில் ரெனே புரூக்ஸ் குழுவினர், மரம் குடிக்கும் நீரும் ஓடைக்குப் போகும் நீரும் மண்ணுக்குள் வெவ்வேறாக நிற்கின்றன என்று சொன்னது முதல், இத்துறையில் எத்தனையோ முடிவுகள் இரண்டு ஓரிடத்தான்களையும் சேர்த்து வரைந்த படத்தின்மேல் எழுந்தவை. அவற்றில் எவ்வளவு மண்ணின் உண்மை, எவ்வளவு பிரித்தெடுப்பின் பிசகு என்று இன்றும் வாதம் நடக்கிறது. மண்ணீர் பிரிப்பிலும் இதே நிலைதான். பதினாறு கூடங்களுக்கு ஒரே மண்ணையும் ஒரே நீரையும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளிவந்தது. விடைகள் கூடத்துக்குக் கூடம் பெரிதும் விலகின, களிமண் கலந்த மண்ணில் இன்னும் மோசமாக விலகின.

நான் பயன்படுத்தும் சேவை, கிளைநீரின் டியூட்டீரியத்தையும் மழைநீரின் டியூட்டீரியத்தையும் ஒரே வரிசையில், ஒரே பிழை எல்லையோடு அச்சிடுகிறது. கருவியின் பிழை எல்லை அது. முழு வேலையின் பிழை எல்லை அன்று. அறிக்கையின் அடியில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினால் போதும், புதிதாக வரும் மாணவர் ஒருவர் ஓராண்டு உழைப்பை வீணாக்காமல் தப்புவார். அதுவரை, கிளைநீருக்கு ஆக்சிஜன்-18ஐ முதல் சாட்சியாகவும் டியூட்டீரியத்தைத் துணைச் சாட்சியாகவும் வைத்துக்கொள்ளும்படி சொல்வேன்.

கூடுதல் கட்டணம் கட்டினால், எந்த ஆழத்திலிருந்து எத்தனை சதவீதம் என்று வட்டப்படமும் வரைந்து தருகிறார்கள். அதை ஒருமுறை வாங்கினேன், இனி வாங்கமாட்டேன். மண்ணின் மூன்று ஆழங்களை மட்டுமே நான் அனுப்பியிருந்தேன், ஆனால் படம் அந்த மூன்றுக்குள்ளேயே நூறு சதவீதத்தையும் பங்கிட்டுவிட்டது. ஒரு மீட்டருக்குக் கீழே பாறை இடுக்கில் நிற்கும் நீரை நான் எடுக்கவில்லை. பனிமூட்டத்தையும் எடுக்கவில்லை. கலிஃபோர்னியாவின் செம்மர (ரெட்வுட்) காடுகளில், காட்டுக்கு வந்து சேரும் ஆண்டு நீரில் சராசரியாக 34 சதவீதம் பனிமூட்டம் மரத்தில் படிந்து சொட்டியது என்று டாசன் 1998இல் அளந்து சொன்னார். மாலை நான்கு மணிக்கே முகில் இறங்கி எதிர்மரம் மறையும் சோலையில் அதைக் கணக்கில் கொள்ளாமல் எந்தச் சதவீதமும் நிற்காது. கணிப்பு முறை நாம் கொடுத்த நீர்மூலங்களிலிருந்து மட்டுமே மரத்துக்கு நீரூட்டும். கொடுக்காத மூலத்தை அது அறியாது. இந்தப் பணத்தில் மேலும் நான்கு மண் மாதிரிகளை வெவ்வேறு ஆழத்தில் எடுத்து அனுப்பியிருந்தால் எவ்வளவோ பயன்பட்டிருக்கும்.

என் ஓடைக்கரை நாவல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மார்ச் மாதத்தில் எடுத்த துண்டுகளின் ஆக்சிஜன்-18 மதிப்பு, ஓடைநீரோடும் ஒட்டவில்லை, மேல்மண்ணோடும் ஒட்டவில்லை. நான் எடுத்ததில் ஆழமான மண்ணை ஒட்டி, வடகிழக்குப் பருவமழையின் பக்கம் சாய்ந்திருந்தது. கற்பூர மரங்களும் அதன் அருகிலேயே வந்தன. ஆறு மரம், ஒரு கோடை என்பதால் இதை முடிவாகச் சொல்லமாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழை நான்கு மாதம் கழித்தும் மண்ணுக்குள் மரத்துக்காகக் காத்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்க இந்தச் சேவை எனக்கு ஓர் ஆதாரம் தந்திருக்கிறது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, கிளைத்துண்டு ஒன்றுக்கு ஆவது நீர்க்குப்பி ஒன்றுக்கு ஆவதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு; பிரித்தெடுக்கும் உழைப்பைக் கண்ணால் பார்த்தபின் அதை அதிகம் என்று சொல்ல மனம் வரவில்லை. நீர் மாதிரிக்கு மூன்று வாரத்திலும், கிளைக்கும் மண்ணுக்கும் இரண்டு மாதத்துக்குமேலும் விடை வருகிறது. காட்டுக்குள் மாதிரி எடுப்பவர்கள் வனத்துறை அனுமதிக்கான காலத்தையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மலைச்சோலை, இலையுதிர் காடு, தோட்டத்து நிழல்மரம் ஆகியவற்றில் ஆய்வு செய்வோருக்கு இச்சேவை ஏற்றது. கடலோர அலையாத்தி மரங்களுக்கு என்றால், டியூட்டீரியத்தை வேரே மாற்றக்கூடும் என்பதால் முதலில் கூடத்தாரோடு பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது.

இரண்டாம் கோடைக்கான பெட்டி சென்ற வாரம் வந்துவிட்டது. இம்முறை குப்பிகளுக்கு இரட்டை முத்திரையுள்ள மூடி கொடுத்திருக்கிறார்கள். பனிமூட்டத்தைப் பிடிக்க நரம்புக்கம்பி கட்டிய சட்டம் ஒன்றை நானே செய்து சோலையின் விளிம்பில் நட்டு வைத்திருக்கிறேன். நேற்றுக் காலை அதன் அடியிலிருந்த குப்பியில் இரண்டு விரற்கடை நீர் நின்றது.